திருகாணி தேடுன கதையும் வீட்டுக்குள்ள கிடைக்குற ஆவிக்குரிய பாடமும்

போன மாசம் ஆராதனை முடிஞ்சு வெளிய வரும்போது எங்க சபையில ஒரு தங்கச்சி, ரெண்டு சின்னப்பிள்ளைங்க வச்சிருக்கவ, என் கையப் பிடிச்சுக்கிட்டு, "அக்கா, கல்யாணத்துக்கு முன்னாடி காலையில நாலரைக்கு எந்திரிச்சு ஜெபிப்பேன், இப்போ பைபிளத் தொறந்தாலே ஒருத்தன் அழுறான், நான் கர்த்தர விட்டு தூரமாப் போயிட்டேனோன்னு பயமா இருக்குக்கா"ன்னு சொன்னா. சொல்லும்போதே கண்ணு கலங்கிடுச்சு. அன்னைக்கு வாசல்ல நின்னுக்கிட்டே ஏதோ ஆறுதல் சொல்லி அனுப்பிட்டேன், ஆனா வீட்டுக்கு வந்தப்புறம் அவ கேட்டது மனசுல ஓடிக்கிட்டே இருந்துச்சு. குடும்ப வாழ்க்கையில ஆவிக்குரிய பாடம் கத்துக்கோங்கன்னு பிரசங்கத்துல அடிக்கடி சொல்றாங்க, ஆனா அப்படின்னா என்ன, எங்க ஆரம்பிக்கணும்னு புதுசா வர்றவங்களுக்கு யாரும் பொறுமையா சொல்லித் தர்றதில்ல. நான் ஐயரம்மாவும் (சபை போதகரோட மனைவி) இல்ல, வேதாகமக் கல்லூரி படிச்சவளும் இல்ல, ரெண்டு பிள்ளைங்களோட அம்மா, பல வருஷமா சண்டே ஸ்கூல்ல நிக்குறவ, எனக்குத் தெரிஞ்சத சொல்றேன்.

முதல்ல இது புதுசா யாரும் கண்டுபிடிச்ச விஷயம் இல்லைங்க. உபாகமம் 6-ம் அதிகாரம் 7-ம் வசனத்த எடுத்துப் பாருங்க, கர்த்தரோட வார்த்தைய பிள்ளைங்ககிட்ட எப்பப் பேசணும்னு மோசே சொல்றாரு: வீட்டுல உக்காந்திருக்கும்போது, வழியில நடக்கும்போது, படுக்கும்போது, எந்திரிக்கும்போது. நாலும் நம்ம சாதாரணமா தினமும் செய்றது, கோயிலுக்குப் போகும்போதுன்னு அதுல தனியா ஒண்ணு கூட இல்ல. இயேசுவே ஊழியம் ஆரம்பிக்கும்போது அவருக்கு ஏறக்குறைய 30 வயசுன்னு லூக்கா எழுதியிருக்காரு, அப்போ அதுக்கு முன்னாடி இருந்த அத்தன வருஷமும் பெரும்பாலும் நாசரேத்துல ஒரு தச்சு வேல செய்ற வீட்டுல, அம்மா கூட, யாக்கோபு யோசே யூதா சீமோன்னு மாற்கு 6-ல பேர் சொல்லியிருக்குற சகோதரர்களோட, சகோதரிகளோட ஓடியிருக்கு. அந்த வருஷங்கள்ல அவர் என்ன பாத்தாருங்குறது அப்புறம் அவர் சொன்ன உவமைகள்ல அப்படியே வெளிய வருது. பழைய துணியில புதுத்துண்டு ஒட்டுப்போட்டா கிழிசல் பெருசாகும், விளக்க மரக்காலுக்கு அடியில வைக்கமாட்டாங்க, பிள்ள முட்டை கேட்டா தேள் குடுக்குற அப்பா இல்ல. இதெல்லாம் ஒரு வீட்டுக்குள்ள இருந்து பாத்தவங்களால மட்டும்தான் சொல்ல முடியும்.

லூக்கா 11-ல நடுராத்திரி அப்பம் கேட்டு வர்ற சிநேகிதன் கதை இருக்குல்ல, அதுல உள்ள இருந்து ஒருத்தன் என்ன பதில் சொல்றான்னு கவனிச்சிருக்கீங்களா? கதவு பூட்டியிருக்கு, என் பிள்ளைங்க என்னோட படுத்திருக்காங்க, நான் எந்திரிக்க முடியாதுன்னு சொல்றான். அந்தக் காலத்து ஏழை வீடு பெரும்பாலும் ஒரே அறை, எல்லாரும் வரிசையா பாய் போட்டுப் படுத்திருப்பாங்க, ஒருத்தர் எந்திரிச்சா அத்தன பேரும் முழிச்சிடுவாங்க. ஒரு மணி நேரம் தோள்ல போட்டுத் தட்டித் தூங்க வச்ச குழந்தைய யாராவது காலிங் பெல் அடிச்சு எழுப்பிவிட்டா எப்படி இருக்கும்னு நமக்குத் தெரியும், அந்த வசனத்தப் படிக்கும்போது நான் உள்ள படுத்திருக்குறவன் பக்கம்தான் நிக்கிறேன். அவனே எந்திரிச்சுக் குடுப்பான்னா பரமபிதா குடுக்கமாட்டாரான்னு இயேசு கேட்டது எனக்குப் பிள்ள பொறந்த பிறகுதான் சரியாப் புரிஞ்சுது. அந்தத் தங்கச்சி பைபிள் வாசிக்க முடியலன்னு அழுறா, ஆனா அவ இப்போ இருக்குற அந்த அறைக்குள்ளதான் இந்த உவமையே நடக்குது.

ஆவிக்குரிய பாடம்னு நான் சொல்றது இதத்தான். வீட்டுல நடந்த ஒரு சின்ன விஷயம், ஏற்கனவே வேதத்துல சொல்லியிருக்குற ஒரு சத்தியத்துக்கு உங்களக் கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போகுது. புது வெளிப்பாடு எதுவும் இல்ல, வசனம் அங்கேயேதான் இருக்கும், நமக்குத்தான் கண்ணு தொறக்கும்.

மாவு விஷயத்த எடுத்துக்கோங்க. மத்தேயு 13:33, ஒரு பெண் புளித்த மாவ எடுத்து மூணு படி மாவுல அடக்கிவைக்கிறா, எல்லாம் புளிக்குது. படின்னதும் நம்ம ஊர்ப் படிய நினைச்சுக்கக்கூடாது, அந்த யூத அளவுக்கு மூணும் சேர்ந்தா ஏறக்குறைய 40 லிட்டர் வரும், நூறு பேருக்கு மேல ரொட்டி சுடலாம். அப்போ ஈஸ்ட் பாக்கெட் கிடையாது, முந்தின தடவை பிசஞ்ச மாவுல ஒரு உருண்டைய எடுத்து வச்சு அடுத்த தடவைக்குச் சேர்ப்பாங்க, நம்ம மார்கழிக் குளிருல இட்லி மாவு பொங்காதுன்னு பழைய மாவு ஒரு கரண்டி விட்டுக் கலக்குறோம்ல அதே மாதிரி. தமிழ் பைபிள்ல அடக்கிவைத்தாள்ங்குற வார்த்தை அழகா விழுந்திருக்கு, கிரேக்கத்துலயும் ஒளிச்சு வைக்குறதுன்னுதான் அர்த்தம். வேதத்துல வேற பல எடத்துல புளித்த மாவுங்குறது கெட்டதுக்கு அடையாளமா வரும், பரிசேயரோட புளித்தமாவுக்கு எச்சரிக்கையா இருங்கன்னு இயேசுவே சொல்லியிருக்காரு, இங்க மட்டும் அத எடுத்து பரலோக ராஜ்யத்துக்கே ஒப்பிடுறாரு. ராத்திரி உப்புப் போட்டுக் கையால கலக்கி மூடி வச்சுட்டுப் படுத்துருவேன், அதுக்கப்புறம் நான் செய்றதுக்கு ஒண்ணுமே இல்ல, மணிக்கொரு தடவ மூடியத் தொறந்து பாத்தா அது சீக்கிரம் பொங்கிடாது. எம்பிள்ளைங்க விசுவாசத்துல வளருறாங்களா இல்லையான்னு நான் தினமும் தொறந்து தொறந்து பாத்துக்கிட்டிருந்தேன், ஜெபம் பண்ணியா, வசனம் படிச்சியான்னு போலீஸ்காரங்க மாதிரி. அந்தப் பாத்திரத்த மூடி வைக்குறப்போ இப்பவும் அது ஞாபகம் வரும்.

இப்போ திருகாணி. இது போன வருஷம் நடந்துச்சு. ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மகளுக்குத் தல பின்னிக்கிட்டிருக்கேன், "அம்மா கம்மல் ஆடுது"ன்னா, தொட்டுப் பாத்தா பின்னாடி திருகாணியக் காணோம். அவ ஞானஸ்நானத்துக்கு எங்க அம்மா போட்ட கம்மல் அது. வீட்டுல அந்த நேரம் எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும், ஃபேன ஆஃப் பண்ணு, யாரும் நடக்காத, பாய உதறாத, கூட்டுன குப்பையக் கொட்டிடாத. மூல முடுக்கெல்லாம் பெருக்கி, வந்த குப்பைய ஒரு பேப்பர்ல பரப்பி விரலால தள்ளித் தள்ளிப் பாக்குறேன், பென்சில் துண்டு, ஹேர்பின், நாலு இட்லி அரிசி, ஒரு ரூபா காசு, பல்லி முட்டை ஓடு, எல்லாம் இருக்கு, திருகாணி இல்ல. அவங்க அப்பா கட்டில நகத்துறாங்க, அத்தை கண்ணாடியப் போட்டுக்கிட்டு சுவரோரமா உக்காந்து தரையத் தடவுறாங்க. அப்போதான் பத்தாவது படிக்குற மகன் அவன் ரூம்ல இருந்து வெளிய வந்தான், யாரும் கூப்பிடல. வந்து டியூப் லைட்ட அணைச்சான். ஏன்டா அணைக்குறன்னு நான் கேக்குறதுக்குள்ள கன்னத்தத் தரையில வச்சுப் படுத்து, போன் டார்ச்ச தரையோட தரையாப் பிடிச்சு மெதுவா சுத்துனான். தரையில கிடந்த ஒவ்வொரு மண்ணுக்கும் நீளமா நிழல் விழுந்துச்சு, பீரோ கால் பக்கத்துல ஒரு புள்ளி மட்டும் மினுங்குச்சு. அதேதான்.

லூக்கா 15-ல வெள்ளிக்காசத் தொலச்ச பொண்ணு விளக்கைக் கொளுத்தி, வீட்டைப் பெருக்கி, ஜாக்கிரதையாய்த் தேடுறான்னு இருக்குறத சின்ன வயசுல இருந்து எத்தன தடவ சொல்லிக் குடுத்திருப்பேன், விளக்கு எதுக்குன்னு கேட்டா வீட்டுல ஜன்னல் சின்னது, உள்ள இருட்டுன்னு சொல்வேன், அதுவும் சரிதான். அன்னைக்கு அந்த இருட்டுல அது மினுங்குறதப் பாத்தப்பதான் அவ எப்படித் தேடியிருப்பான்னு முதல் தடவ எனக்குத் தெரிஞ்சுது, அவளும் இப்படித்தான் தரையோட தரையா குனிஞ்சிருப்பா.

ஆனா உண்மையான பாடம் அன்னைக்கு வரல, வெள்ளிக்கிழமை சோறு வடிச்சுக்கிட்டு நிக்கும்போது வந்துச்சு. லூக்கா 15-ல தொலஞ்சு போறது மூணு. ஆடு வெளிய மேயப்போன எடத்துல வழிதவறுச்சு. இளைய மகன் தெரிஞ்சேதான் சொத்தப் பிரிச்சு வாங்கிட்டு தூர தேசத்துக்குப் போனான். காசு எங்கயும் போகல, வீட்டுக்குள்ளயே தொலஞ்சுச்சு. தான் தொலஞ்சது கூட அதுக்குத் தெரியாது, கத்தாது, திரும்பி வராது, தேடுறவங்க தேடுனாத்தான் உண்டு. கஞ்சித்தண்ணி ஓடிக்கிட்டிருக்கு, எனக்கு திடீர்னு மகன் முகம் வந்துச்சு. எத்தன மாசமா அந்த ரூம் கதவு பாதி சாத்தியே இருக்கு, தட்ட எடுத்துட்டு உள்ள போயிடுறான், கேட்டதுக்கு ம்ம்னு ஒரு பதில், நாங்களும் பப்ளிக் எக்ஸாம் டென்ஷன்னு விட்டுட்டோம். வெளிய சுத்தல, கெட்ட சகவாசம் இல்ல, வீட்டுலதான இருக்கான்னு நிம்மதியா இருந்தோம். வீட்டுலதான இருக்கான். காசும் வீட்டுலதான் இருந்துச்சு. மாசக்கணக்குல அவன் எங்களோட தரையில உக்காந்த முதல் நாள் அந்தத் திருகாணி தேடுன நாள்தான்னு அப்போதான் உறைச்சுது.

அதே அதிகாரத்துல மூத்த மகனையும் இப்போ வேற மாதிரி படிக்கிறேன். சண்டே ஸ்கூல்ல நாங்க கெட்ட குமாரன் கதைன்னு சொல்லி, அவன் திரும்பி வந்து விருந்து நடந்ததோட முடிச்சுடுவோம், ஆனா இயேசு அங்க முடிக்கல. வயல்ல இருந்து வந்த மூத்தவன் கோவத்துல உள்ள போகமாட்டேன்னு நிக்கிறான், அப்பா வெளிய வந்து அவன வருந்திக் கூப்பிடுறாரு, "மகனே, நீ எப்போதும் என்னோடிருக்கிறாய்"ங்குறாரு. அவன் உள்ள போனானா இல்லையான்னு கதை சொல்லவே இல்ல. இத்தன வருஷம் ஒரே வீட்டுல இருந்தும் அப்பாவுக்குப் பக்கத்துல அவன் இல்ல. ரெண்டு பிள்ளைக்காகவும் அந்த அப்பா வீட்ட விட்டு வெளிய வந்திருக்காரு.

இப்படிப் பாக்குறதுக்கு ஏதாவது முறை இருக்கான்னு கேட்டா, இருக்கு. நாங்க சிஎஸ்ஐ, அதாவது தென்னிந்தியத் திருச்சபை, ஆனா இத நான் ஒரு கத்தோலிக்க சிநேகிதிகிட்ட இருந்துதான் கத்துக்கிட்டேன். சேசு சபைங்குற கத்தோலிக்கத் துறவற சபைய ஆரம்பிச்ச லொயோலா இஞ்ஞாசியார் முதல்ல ஒரு போர்வீரரா இருந்தவரு, 1521-ல பம்ப்லோனா கோட்டைச் சண்டையில பீரங்கிக் குண்டு பட்டு கால் ஒடைஞ்சு, சொந்த வீட்டுல மாசக்கணக்குல படுத்துக் கிடந்தாரு. படிக்கிறதுக்கு வீரக்கதை கேட்டாரு, அந்த வீட்டுல இருந்தது கிறிஸ்துவோட வாழ்க்கையும் புனிதர்கள் கதையும்தான். வேற வழியில்லாம அதப் படிச்சுக்கிட்டு படுத்திருந்தப்போ தன்னோட நினப்புகளையே கவனிக்க ஆரம்பிச்சாரு, எந்த நினப்பு வந்துட்டுப் போனப்புறம் மனசு வறண்டு போகுது, எது போனப்புறமும் சந்தோஷம் தங்குதுன்னு. அதுல இருந்து வந்ததுதான் தினமும் அன்னைய நாளத் திரும்பிப் பாத்து ஜெபிக்குற பழக்கம். முதல்ல நன்றி சொல்லணும், வெளிச்சம் தாங்கன்னு பரிசுத்த ஆவியானவரக் கேக்கணும், காலையில இருந்து நடந்ததெல்லாம் ஒரு தடவ மனசுல ஓட்டிப் பாக்கணும், தப்புக்கு மன்னிப்புக் கேட்டுட்டு நாளைக்கு என்ன செய்யணும்னு அவர்கிட்ட பேசிட்டுப் படுக்கணும். பத்து நிமிஷம் போதும். எனக்குப் பாத்திரம் கழுவுற நேரம்தான் கிடைக்கும், கை அதுபாட்டுக்கு வேல செய்யும், மனசு காலையில இருந்து வரும். ஆரம்பிக்குறவங்க ஒரே ஒரு சம்பவத்த எடுத்துக்கிட்டாப் போதும், மனசுல ஏதோ ஒண்ணு உறுத்துன சம்பவம், இல்ல சந்தோஷத்துல தொண்ட அடச்ச சம்பவம். அத அவசரமா வசனத்தோட ஒட்டவைக்காதீங்க. திருகாணிக்கு எனக்கு மூணு நாள் ஆச்சு, சிலதுக்கு வருஷம் ஆகும், சிலதுல ஒண்ணுமே இருக்காது, சாம்பார் தீஞ்சு போச்சுன்னா அடுப்பக் கவனிக்கல அவ்வளவுதான்.

இதுல வழுக்குற எடமும் இருக்கு, அதச் சொல்லாம விட்டா தப்பு. பாடம் கிடைச்ச உடனே அதப் பிள்ளைங்க தலையில கொட்டுறது முதல் தப்பு. ஐஸ்கிரீமுக்குச் சண்ட போடுற பிள்ளைங்கள நிறுத்தி வச்சு அங்கேயே காயீன் ஆபேல் கதை சொன்னா அதுங்களுக்கு வேதம்னாலே திட்டு வாங்குறதுன்னு பதிஞ்சு போயிடும், நான் பண்ணியிருக்கேன். பாடம் முதல்ல நமக்கு. ஒரு காலையில ஸ்கூல் ஐடி கார்டக் காணோம்னு மகளக் கன்னாபின்னான்னு கத்திட்டேன், வேன் போனப்புறம் பாத்தா அது என் ஹேண்ட்பேக்ல இருக்கு. பிள்ளைகளக் கோபப்படுத்தாதீங்கன்னு பவுல் எபேசியருக்கு எழுதுனது பிதாக்களுக்குன்னு சொல்லித் தப்பிக்க முடியல. சாயங்காலம் அவ வந்ததும் "அம்மா மேலதான் தப்பு, மன்னிச்சிரும்மா"ன்னேன், அவ ஷூவக் கழட்டிக்கிட்டே "சரிம்மா, பசிக்குது"ன்னா. அன்னைக்குக் கத்துக்கிட்டவ நான்தான், அவளுக்கு நான் ஒண்ணும் விளக்கல.

ரெண்டாவது, வீட்டுல ஏதாவது கஷ்டம் வந்தா கர்த்தர் தண்டிக்கிறாருன்னு பாடம் எடுக்குறது. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தா காணிக்க குறைச்சதாலன்னு சொல்ற ஆளுங்க உண்டு. லூக்கா 13-ல சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தாங்களே, அவங்க எருசலேம்ல மத்த எல்லாரையும் விடப் பாவிகளான்னு கேட்டு இயேசுவே இல்லன்னு சொல்லிட்டாரு. பிறவிக் குருடனப் பாத்து யார் செஞ்ச பாவம்னு சீஷர்கள் கேட்டப்பவும் அதே பதில்தான், இவனும் இல்ல, இவனப் பெத்தவங்களும் இல்ல. அடுத்தவங்க வீட்டுக் கஷ்டத்துக்கு நம்ம பாடம் எழுதவே கூடாது.

மூணாவது எனக்கு ரொம்ப முக்கியம். புருஷன் கைநீட்டுறத பொறுமைப் பாடம்னும் சிலுவைன்னும் சொல்லி ஒரு பொண்ண அந்த வீட்டுக்கே திருப்பி அனுப்புறத நான் பாத்திருக்கேன். அடி வாங்குறது பாடம் இல்லைங்க, அடிக்குறது பாவம், அந்தப் பாவம் அடிக்குறவனோடது. அவ பத்திரமான எடத்துக்குப் போகணும், பெண்கள் உதவி எண் 181-க்கு போன் பண்ணணும், சபை அவ பக்கம் நிக்கணும். வசனத்த வச்சு அவ வாய அடைக்கக்கூடாது.

இப்போ அந்தத் தங்கச்சிக்கு. உன் சின்னவனுக்கு இன்னும் பால் நிறுத்தலன்னு சொன்னல்ல, 131-ம் சங்கீதத்தப் படி, மூணே வசனம்தான், எருசலேமுக்கு நடந்து போறவங்க பாடுன ஆரோகண சங்கீதத்துல ஒண்ணு. தாவீது தன்னோட ஆத்துமாவ பால் மறந்த குழந்தைக்கு ஒப்பிடுறாரு. அந்தக் காலத்துல ரெண்டு மூணு வயசு வரைக்கும் தாய்ப்பால் குடுப்பாங்க, அன்னாள் கூட தன் மகன் சாமுவேல் பால் மறக்குற வரைக்கும் ஆலயத்துக்குப் போகாம வீட்டுலயேதான் இருந்தா, அதுக்காக கர்த்தர் அவளக் கடிஞ்சுக்கல. எம்மகளுக்கு வேப்பிலைய அரச்சுத் தடவித்தான் நிறுத்துனேன், ஒரு வாரம் ராத்திரியெல்லாம் அழுக, என்னப் பாத்தாலே அழுவா, எனக்கும் அழுக. அப்புறம் ஒரு ராத்திரி அவளாவே வந்து மடியில ஏறிப் படுத்தா, எதையும் தேடல, சேல முந்தானைய விரல்ல சுத்திக்கிட்டு கொஞ்ச நேரம் என் முகத்தப் பாத்துக்கிட்டிருந்துட்டு தூங்கிட்டா. அதுவரைக்கும் பாலுக்கு வந்தவ அன்னைக்கு எனக்காக வந்தா. கர்த்தர்கிட்ட நான் எப்பவும் ஏதாவது ஒண்ணு வாங்கத்தான் போயிருக்கேன்னு அன்னைக்குத் தெரிஞ்சுது. பைபிளத் தொறக்க முடியாத ராத்திரியில நீ அவர் மடியில சும்மா படுத்துக்கோ, பிள்ளைங்க வளந்தப்புறம் நாலரை மணி திரும்ப வரும்.

நானும் அந்தத் திருகாணிக்கப்புறம் ஒண்ணு ஆரம்பிச்சேன். மெதடிஸ்ட் இயக்கத்த ஆரம்பிச்ச ஜான் வெஸ்லியோட அம்மா சூசன்னா வெஸ்லி இங்கிலாந்துல எப்வொர்த்ங்குற ஊர்ல இருந்தவங்க, 19 பிள்ள பெத்து அதுல பலதக் கைக்குழந்தையிலயே அடக்கம் பண்ணவங்க. மிச்சம் இருந்த பிள்ளைங்கள்ல ஒவ்வொருத்தருக்கும் வாரத்துல ஒரு சாயங்காலம்னு பிரிச்சு வச்சு, தனியா உக்காந்து பேசுவாங்க, ஜானுக்கு வியாழக்கிழமை. அவர் வளந்து ஆக்ஸ்போர்டுல இருக்கும்போது கூட, அந்த வியாழக்கிழமை சாயங்காலத்துல கொஞ்சத்த இப்பவும் எனக்கு ஒதுக்குவீங்களான்னு அம்மாவுக்கு எழுதியிருக்காரு. அத்தன பேர் இருந்த வீட்டுல ஒரு காசும் தொலஞ்சு போயிடக்கூடாதுன்னு எண்ணிக்கிட்டே இருந்திருக்காங்க அந்த அம்மா.

எம்மகனுக்கு நான் சனிக்கிழமை ராத்திரிய எடுத்தேன், மறுநாள் கோயிலுக்குப் போட அவன் ஷூவுக்குப் பாலிஷ் போடுற நேரம். சின்ன வெங்காயக் கூடைய எடுத்துட்டுப் போய் அவன் பக்கத்துல தரையில உக்காந்து உரிக்க ஆரம்பிச்சேன். முதல் வாரம் "என்னம்மா, ஏதாவது சொல்லணுமா?"ன்னான், இல்லப்பா சும்மாதான்னேன். ரெண்டாவது வாரமும் பேச்சு இல்ல. மூணாவது வாரம் பிரஷ்ஷ நிறுத்தாம, தலையத் தூக்காம, கிளாஸ்ல கூட உக்காந்திருந்த ஒரு பையன் இப்போ இவன்கிட்ட பேசுறதில்லன்னு ஆரம்பிச்சான், பாதியில நிறுத்திட்டான். எனக்கு வேதத்துல வர்ற உயிர் சிநேகிதங்க யோனத்தான் தாவீதுன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டு இன்னொரு வெங்காயத்த எடுத்தேன். அடுத்த சனிக்கிழமை நான் கூடைய எடுத்துட்டு வர்றதுக்கு முன்னாடியே அவன் ஷூவ முன்னாடி வச்சுக்கிட்டு தரையில உக்காந்திருந்தான். அது ஏற்கனவே பாலிஷ் போட்டு பளபளன்னு இருந்துச்சு.